வாலண்டியரா போகணும்னு நெனைக்கிறவங்களுக்கு: நம்ம மணல்ல ஆரம்பிங்க, வெளிநாடு அப்புறம் வரும்

போன வாரம் ராம்நாட்டுல இருந்து ஒரு தங்கச்சி போன் பண்ணுச்சு, காலேஜ் இப்பதான் முடிச்சிருக்கு. "அக்கா, வாலண்டியரா போனா என்ன கெடைக்கும், சர்ட்டிபிகேட் தருவாங்களா, அத வச்சு ஃபாரின் போக முடியுமா"ன்னு ஒரே மூச்சுல கேட்டுச்சு. இப்படி கேட்டா சில பேருக்கு கோவம் வரும், சேவைன்னா எதையும் எதிர்பாக்கக் கூடாதுன்னு பாடம் எடுப்பாங்க. எனக்கு அப்படித் தோணல. பாம்பன்ல ஒரு நாட்டுப்படகுக்காரர் வீட்டுல பொறந்தவ நான், எங்க வீட்டுல ஒரு ஆள் ஒரு நாள் சும்மா எங்கயாச்சும் போனா அன்னைக்குப் பாடு போச்சுன்னு அர்த்தம், அதனால என்ன கெடைக்கும்னு கேக்கறது நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில சொல்லிட்டு, எப்படி ஆரம்பிக்கறது, வெளிநாட்டுக்கு எந்த வழியா போறது, எங்க ஏமாத்துவாங்கன்னு எனக்குத் தெரிஞ்சத எல்லாம் எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

காசு கெடைக்காது, மொதல்ல அத மனசுல வச்சுக்கங்க. பஸ் காசு, டீ காசு உங்க கையில இருந்துதான் போகும். எனக்குக் கெடைச்சது என்னன்னா, இருட்டுல நடக்கற பயம் போச்சு. ஆபீசர் முன்னாடி நின்னு பேசறப்ப நாக்கு ஒட்டிக்கறது போச்சு. கலெக்டர் ஆபீஸ்ல எந்த மாடில எந்த செக்ஷன் இருக்குன்னு கண்ண மூடிட்டு சொல்லுவேன். அரிச்சல்முனைல இருந்து கீழக்கரை வரைக்கும் எந்த ஊருக்குப் போனாலும் "சாப்ட்டியா"ன்னு கேக்க ஒரு வீடு இருக்கு. அப்புறம் ஜெர்மனில ஒரு வருஷம் இருந்துட்டு வந்தேன், அந்த விசாவுக்கு எனக்கு ஒதவுனது என் டிகிரி இல்ல, அஞ்சு வருஷமா எழுதி வச்ச ஒரு நோட்டு. அந்த நோட்டப் பத்தி பின்னாடி சொல்றேன்.

ஆனா இதுல ஒண்ணு கூட ஒரு நாள் போய் பேனர் முன்னாடி போட்டோ எடுத்துட்டு வந்தா கெடைக்காது. ஒரே வேலை, ஒரே இடம், கொறஞ்சது ஒரு வருஷம். இத மட்டும் பிடிச்சுக்கங்க.

எனக்கு ஆரம்பம் ஆமைதான். நம்ம பக்கம் பங்குனி ஆமை முட்டை போட ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் கரைக்கு வரும், தனுஷ்கோடி, கம்பிப்பாடு, அரிச்சல்முனை பக்கமெல்லாம் வனத்துறை ஆளுங்க முட்டைய எடுத்து பொரிப்பகத்துல வச்சு குட்டிய கடல்ல விடுவாங்க. சென்னைல காலேஜ் பசங்க 1988ல இருந்தே இந்த வேலைய ராத்திரி ராத்திரி நடந்து செஞ்சுட்டு வராங்க, அதக் கேள்விப்பட்டுதான் எங்க என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) சார் எங்கள அனுப்புனாரு. இங்க ஒண்ண தெளிவா சொல்லிடறேன், கடல் ஆமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, நீங்க நல்ல மனசோட முட்டைய எடுத்தாலும் அனுமதி இல்லாம எடுத்தா அது குத்தம்தான். அதனால டிசம்பர்லயே மண்டபம் வனச்சரக ஆபீஸ்ல ஒரு லெட்டர் குடுங்க. பேரு, படிப்பு, ஆதார் நகல், வீட்டு போன் நம்பர், வாரத்துல எந்த ராத்திரி வர முடியும், இது போதும். பதில் வரலைன்னா நேர்ல போங்க, ரெண்டாவது தடவையும் போங்க. அங்க இருக்கற வாட்சர் அண்ணங்களுக்கு வேலை அதிகம் ஆளு கம்மி, நீங்க நெஜமாவே வருவீங்கன்னு தெரிஞ்சா அவங்களே கூப்பிடுவாங்க.

எங்க வீட்டுல பெரிய சண்டை. பொம்பளப் பிள்ளைக்கு நடுராத்திரில கடற்கரைல என்ன வேலைன்னு அப்பா ஒத்துக்கவே இல்ல. கடைசில அம்மாதான் "நானும் கூட வரேன், என்னதான்னு பாப்போம்"னு ஒரு தூக்குச்சட்டில கருப்பட்டிக் காபி ஊத்திக்கிட்டு கெளம்பிட்டாங்க. பொண்ணுங்க யாராச்சும் இதப் படிச்சா, வீட்டுல வேணாம்னு சொன்னா சண்டை போடாதீங்க, ஒரு ராத்திரி அம்மாவையோ அத்தையையோ கூட்டிட்டுப் போங்க. எங்கம்மா இன்னைக்கு வரைக்கும் சீசன் தவறாம வராங்க, என்ன விட அவங்களுக்குத்தான் தடம் சீக்கிரம் கண்ணுல படும்.

போறப்ப வெள்ளை லைட் அடிக்கக் கூடாது, ஆமை மெரண்டு முட்டை போடாமலே திரும்பிடும். டார்ச் முனைல செவப்பு கண்ணாடித்தாள் ரெண்டு மடிப்பு கட்டிக்கங்க. தண்ணி வந்து நிக்கற கோட்ட ஒட்டி நடக்கணும். ஆமை ஏறி வந்த தடம் டிராக்டர் டயர் போன மாதிரி இருக்கும், ஏறுன தடம் ஒண்ணு எறங்குன தடம் ஒண்ணு, ரெண்டும் சேர்ற எடத்துல மணல் கலைஞ்சு கெடக்கும். வாட்சர் அண்ணன் அங்க ஒரு கம்ப மெதுவா குத்திப் பாப்பாரு, மணல் எங்க லேசா எறங்குதோ அங்கதான் குழி. அப்புறம் கையாலதான் தோண்டணும், மம்பட்டி கிம்பட்டி எதுவும் கூடாது. முழங்கை வரைக்கும் மணல் உள்ள போனதும் விரல்ல ஈரமா, லேசா அமுங்கற மாதிரி ஒண்ணு தட்டும். அதான் முட்டை, பிங்பாங் பந்து அளவு. ஒரு குழில சுமாரா நூறு இருக்கும், சில சமயம் அதுக்கு மேலயும். எடுக்கறப்ப உருட்டக் கூடாது, மேல்பக்கம் இருந்தது மேல்பக்கமாவே துணிப்பைல எறங்கணும், சில மணி நேரத்துக்குள்ள பொரிப்பகத்துல அதே ஆழத்துல, வாய் குறுகி வயிறு அகண்ட பானை மாதிரி குழி எடுத்து வச்சு மூடிடணும். தேதி, எண்ணிக்கை, எடுத்த எடம் எல்லாம் ஒரு அட்டைல எழுதி குச்சில கட்டி நட்டு வைப்போம்.

அப்புறம் 45ல இருந்து 60 நாள் காத்திருக்கணும். மணல் சூடு கூடுனா பொட்டைக் குட்டி அதிகமா வரும், கொறஞ்சா ஆண் குட்டி, அதனால நெழல் வலை போடறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. பொரியற நாள் கிட்ட வந்தா குழிக்கு மேல மணல் லேசா உள்வாங்கும். அத மொதல்ல பாக்கறது யாருன்னு எங்களுக்குள்ள ஒரு போட்டியே நடக்கும். குட்டிய கையில தூக்கிட்டுப் போய் தண்ணில போடக் கூடாது, மணல்ல விட்டு அதா நடந்து போகணும். எங்க வெளிச்சம் இருக்கோ அங்கதான் அது போகும், ரோட்டுல கடை லைட்டு எரிஞ்சா கடல விட்டுட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிடும், அதனால அந்த நேரத்துல பக்கத்துக் கடைக்காரங்க கிட்ட போய் "அண்ணே ஒரு அரை மணி நேரம் லைட்ட அமத்துங்க"ன்னு கேக்கறதும் வாலண்டியர் வேலைதான். ஒரு தடவ கேட்டா அடுத்த தடவ அவங்களே அமத்திட்டு பிள்ளைங்கள கூட்டிட்டு பாக்க வருவாங்க.

எனக்கு மொத ஒம்பது ராத்திரி ஒண்ணுமே கெடைக்கல. ஆறேழு கிலோமீட்டர் நடப்போம், காலு மணல்ல பொதைஞ்சு பொதைஞ்சு கெண்டைக்கால் இறுகிடும், விடியக்காலைல வெறுங்கையோட வருவோம். நாலாவது ராத்திரி செத்து ஒதுங்குன ஆமை ஒண்ணத்தான் பாத்தோம், மூச்சு எடுக்க மேல வர முடியாம வலைல சிக்கிச் செத்தது. அதையும் அளந்து ரெஜிஸ்டர்ல எழுதணும். அன்னைக்கு எங்க கூட வந்த பத்துப் பேர்ல ஆறு பேர் அப்புறம் வரல. பத்தாவது ராத்திரி அம்மா கைதான் மொத முட்டையத் தொட்டுச்சு. மணலுக்குள்ள கைய விட்டபடியே என்னத் திரும்பிப் பாத்தாங்க, ஒண்ணுமே பேசல. என்ன கெடைக்கும்னு கேட்ட தங்கச்சிக்கு அந்த மொகத்த என்னால எழுதிக் காட்ட முடியல.

ராத்திரி வேலை ஒத்துவராதுன்னா பகல்ல செய்ய ஒரு வேலை சொல்றேன், யாரும் பெருசா நெனைக்க மாட்டாங்க, ஆனா நம்ம மாவட்டத்துல ரொம்பத் தேவை. மனு எழுதிக் குடுக்கறது. திங்கக்கெழம ஆனா கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள் நடக்கும், காலைல இருந்தே வெளிய மரத்தடில வயசானவங்க பேப்பர் கட்டோட உக்காந்திருப்பாங்க. ஒரு பேனா, ஒரு பேடு, வெள்ளைத்தாள், ஸ்டேப்ளர் கொண்டு போங்க. முதல்ல அவங்க சொல்றத முழுசா கேளுங்க, நடுவுல பேசாதீங்க. மனு ஒரே பக்கம் போதும், என்ன வேணுங்கறது மொத ரெண்டு வரில வந்துடணும். ரெண்டு நகல் எடுங்க, மனு ரசீது நம்பர அவங்க கையிலயும் உங்க நோட்டுலயும் எழுதுங்க. அடுத்த மாசம் அந்த நம்பர வச்சு என்ன ஆச்சுன்னு நீங்கதான் கேக்கணும், அந்த இடத்துலதான் பாதிப் பேரு விட்டுடறாங்க. கடல்பாசி எடுக்கற ஒரு பாட்டிக்கு விதவை பென்ஷன் மூணு தடவ திரும்பி வந்துச்சு, உக்காந்து எல்லாப் பேப்பரையும் வரிசையா வச்சுப் பாத்தா புருசன் பேருல ஆதார்ல ஒரு எழுத்து கூடுதலா இருக்கு, இறப்புச் சான்றுல அது இல்ல. அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு எழுத்துக்காக அவங்க எத்தனை தடவ பஸ் ஏறி வந்து வெயில்ல நின்னுட்டுப் போயிருக்காங்க. இந்த வேலைக்கு நல்ல நேரம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுல போற ஆம்பளைங்க ஊருல இருப்பாங்க, குடும்பத்தோட பேப்பர் எல்லாத்தையும் ஒரே தடவைல சரி பண்ணிடலாம்.

பாசி எடுக்கறவங்கன்னு சொன்னதும் இன்னொண்ணும் சொல்லணும். வெளியூர்ல இருந்து வர வாலண்டியருங்க நெறையப் பேரு வந்ததும் இவங்களுக்குக் கத்துக்குடுக்க ஆரம்பிச்சுடுவாங்க, கடல எப்படிப் பாதுகாக்கறதுன்னு. விரல்ல துணியச் சுத்திக்கிட்டு கண்ணாடி மாட்டிட்டு மூச்சடக்கி முங்கற பொம்பளைங்க அவங்க. மாசத்துக்கு 12 நாள்தான் பாசி எடுக்கறது, வருஷத்துல 45 நாள் எடுக்கவே கூடாதுன்னு அவங்களே உக்காந்து பேசி முடிவு பண்ணி வச்சிருக்காங்க. சின்னப்பாலத்து லட்சுமி அம்மாவுக்கு 2015ல, தீவுகளோட இயற்கையக் காப்பாத்தறவங்களுக்குக் குடுக்கற சீகாலஜி விருது கெடைச்சது அதுக்காகத்தான். அதனால எந்த ஊருக்குப் போனாலும் மொத ஒரு மாசம் கத்துக்கறதுக்குப் போங்க. கச்சான் காத்து அடிச்சா என்ன ஆகும், வாடைல என்ன ஆகும், எதுக்கு ராமேஸ்வரம் தீவுக்கு வடக்க இருக்கறத பெண் கடல்னும் தெக்க இருக்கறத ஆண் கடல்னும் சொல்றாங்க, இதெல்லாம் கேளுங்க. அவங்க சொல்லிக்குடுக்கறப்ப இருக்கற சந்தோஷத்துலதான் ஒறவு ஆரம்பிக்கும்.

பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கறதும் பெரிய வேலை. 2021 அக்டோபர்ல அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஆரம்பிச்சப்ப நானும் எங்க தெருவுல வகுப்பு எடுத்தேன், மாசம் 1000 ரூபா ஊக்கத்தொகை வந்துச்சு. இப்ப ஆரம்பிக்கறவங்க பக்கத்து ஸ்கூல் ஹெச்.எம். கிட்ட நேராப் போய்க் கேளுங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் போதும், ஆனா அந்த ரெண்டு நாள் மழை வந்தாலும் கல்யாணம் வந்தாலும் போகணும். அப்பா கடலுக்குப் போய் எப்ப வருவாருன்னு தெரியாத பிள்ளைங்களுக்கு, சொன்ன நேரத்துக்கு வர ஒரு ஆளு இருக்கறதே பெருசு. பரிச்சை சமயத்துல பார்வை இல்லாத பிள்ளைங்களுக்கு எழுதிக் குடுக்க ஆள் தேடுவாங்க, அதுக்கும் பேரு குடுத்து வைங்க.

சுருக்கமா இன்னும் சிலது. ரத்தம் குடுக்கலாம், 18 வயசுல இருந்து 65 வரைக்கும், எடை 45 கிலோவாச்சும் இருக்கணும், ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும், ஆம்பளைங்க 90 நாளைக்கு ஒரு தடவ, பொம்பளைங்க 120 நாளைக்கு ஒரு தடவ. பனங்கொட்டை நடலாம், ஆவணி புரட்டாசில பழம் விழற நேரம் பொறுக்கி கண்மாய்க் கரைல எட்டுப் பத்து அடிக்கு ஒண்ணு பொதைச்சு விட்டா ஐப்பசி மழையே பாத்துக்கும், தண்ணி ஊத்தத் தேவையில்ல, ஆனா காய்க்கப் பதினஞ்சு வருஷம் ஆகும். கடற்கரை சுத்தம் பண்ற நாள் செப்டம்பர்ல மூணாவது சனிக்கெழம உலகம் பூரா நடக்கும், அன்னைக்குப் போறது நல்லதுதான், ஆனா அள்ளுன குப்பை எங்க போகுதுன்னு ஊராட்சில முன்னாடியே பேசிட்டுப் போங்க, இல்லன்னா மூட்டை அங்கயே கெடந்து கிழிஞ்சு மறுபடியும் கடலுக்குப் போயிடும். அந்து போன நைலான் வலை கெடந்தா மொதல்ல அத எடுங்க, பிளாஸ்டிக் பாட்டில விட ஆமைக்கு எமன் அதுதான்.

இப்ப அந்த நோட்டு. ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி தேதி, எடம், எத்தன மணி நேரம், என்ன செஞ்சீங்க, யாரு பொறுப்புல இருந்தாங்கன்னு ஒவ்வொரு தடவையும் ரெண்டு வரி எழுதுங்க, மாசக் கடைசில பொறுப்பாளர் கிட்ட ஒரு கையெழுத்து. என்.எஸ்.எஸ்.ல ரெண்டு வருஷத்துக்கு 240 மணி நேரமும் ஏழு நாள் முகாமும் முடிச்சா சர்ட்டிபிகேட் உண்டு, அத விட்டுடாதீங்க. ஆனா ஜெர்மனிக்கான இன்டர்வியூல என்கிட்ட கேட்டது சர்ட்டிபிகேட் இல்ல, "ஒரு நாள் ஒண்ணுமே சரியா நடக்கலன்னா என்ன செய்வீங்க"ன்னு கேட்டாங்க. நான் அந்த ஒம்பது ராத்திரியச் சொன்னேன். அவங்க எழுதிக்கிட்டாங்க.

வெளிநாட்டுக்குப் போகாமலே வெளிநாட்டு வேலை செய்யலாம், அதையும் தெரிஞ்சுக்கங்க. ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு, யு.என்.வி.ம்பாங்க, 1970ல ஆரம்பிச்சது, தலைமை ஆபீஸ் ஜெர்மனில பான் நகரத்துல. அவங்க கிட்ட ஆன்லைன் வாலண்டியர்னு ஒண்ணு இருக்கு, 18 வயசு ஆகியிருந்தா போதும், வீட்டுல இருந்தே மொழிபெயர்ப்பு, டிசைன், டேட்டா வேலை செய்யலாம். தமிழ் விக்கிப்பீடியால நம்ம ஊருங்களப் பத்தி எழுதலாம், நம்ம கடற்கரை ஊருங்கள்ல பாதிக்கு மேல பத்து வரி கூட இல்லாம கெடக்குன்னு எனக்கு ரொம்ப நாளா வருத்தம். கைக்கொழந்த இருக்கற அக்காங்க, வெளிய போக முடியாதவங்க இதுல ஆரம்பிக்கலாம்.

நேர்ல போறதுக்கு வருவோம். யு.என்.வி.ல யூத்னு ஒரு வகை, 18ல இருந்து 26 வயசு வரைக்கும், அதுக்கு மேல அனுபவம் உள்ளவங்களுக்குத் தனி. தேர்வானா போக வரச் செலவு, மாசச் செலவுக்குப் பணம், இன்சூரன்ஸ் எல்லாம் அவங்களே குடுப்பாங்க. போட்டி அதிகம், இங்கிலீஷ் நல்லா எழுத வரணும். விண்ணப்பத்துக்கு ஒரு ரூபா கூட கெடையாது, ஐ.நா. பேர சொல்லி யாரு காசு கேட்டாலும் அது பொய்.

நான் போனது ஜெர்மனி. அங்க ஆம்பளப் பசங்களுக்குக் கட்டாய ராணுவ சேவைய நிறுத்துனப்ப 2011ல கூட்டாட்சி தன்னார்வ சேவைன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, சுருக்கமா பி.எஃப்.டி. முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளி இல்லம், ஆஸ்பத்திரி, தோட்டம், இப்படி எடங்கள்ல வழக்கமா ஒரு வருஷம். இதுக்கு மேல்வயசு வரம்பு இல்ல, எஃப்.எஸ்.ஜே.ன்னு, அதாவது தன்னார்வ சமூக ஆண்டுன்னு, இன்னொண்ணு இருக்கு, அது 27 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு. சம்பளம்னு கெடையாது, பாக்கெட் மணி உண்டு, இன்சூரன்ஸ் உண்டு, பல எடத்துல தங்க ரூமும் சாப்பாடும் குடுப்பாங்க, குடுக்கறாங்களான்னு ஒப்பந்தத்துல படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும். மொழிதான் மலை. ஜெர்மன் மொழில வழக்கமா ஏ2 நிலையாவது கேப்பாங்க, நெறைய இல்லங்கள்ல அதுக்கு அடுத்த நிலை பி1 கேப்பாங்க. அதுக்கு ஒரு வருஷம் ஒதுக்குங்க. நான் டியூஷன் எடுத்த காசுல சென்னைக்குப் போய் பரிச்ச எழுதுனேன். வரிசை இப்படித்தான் போகும்: மொழி, அப்புறம் நேரா அந்த அமைப்புகளுக்கு மெயில், வீடியோ இன்டர்வியூ, ஒப்பந்தம், அதுக்கப்புறம்தான் விசா. ஒப்பந்தம் கைக்கு வராம விசாவுக்கு யாரு பணம் கேட்டாலும் குடுக்காதீங்க.

என் வேலை முதியோர் இல்லத்துல. காலைல எழுப்பி, கை கால் தொடைச்சு, சட்டை மாட்டி, சாப்பிட வைக்கறது. மொத மூணு மாசம் ரூமுக்கு வந்து அழுவேன், நவம்பர்ல நாலரை மணிக்கே இருட்டிடும், பேசறது பாதி புரியாது. அங்க ஒரு தாத்தா, வடக்குக் கடல்ல மீன் பிடிச்சவரு, யாரு கூடவும் பேச மாட்டாரு. ஒரு நாள் அவரு பார்சல் கட்டி வந்த கயித்த எடுத்து மடில வச்சு முடிச்சு போட்டுட்டு இருந்தாரு. பாத்தா, எங்கப்பா திண்ணைல உக்காந்து வலை பொத்தறப்ப போடற அதே முடிச்சு. கண்ணிக்குள்ள நுழைச்சு, பின்னால சுத்தி, கட்டை வெரலால அமுக்கி இழுக்கறது, அந்த வெரல் அமுக்கற எடம் கூட மாறல. நான் கயித்த வாங்கி அடுத்த கண்ணியப் போட்டேன். அவரு என் கையவே பாத்துட்டு இருந்தாரு, அப்புறம் அடுத்தத அவரு போட்டாரு. அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு முழ நீளத்துக்கு வலை பின்னுனோம், அந்த வலைக்குள்ளதான் எனக்கு ஜெர்மன் பேச வந்துச்சு. கடல், காத்து, மீன், படகு, அப்பா, இதுதான் நான் நல்லா கத்துக்கிட்ட மொத வார்த்தைங்க.

வளைகுடால இருக்கற நம்மாளுங்களுக்கும் சொல்லணும், ராம்நாட்டுல எந்த வீட்ட எடுத்தாலும் ஒருத்தர் அங்க இருப்பாங்க. எங்க அண்ணன் சவுதில இருந்தப்ப அவன் கேம்ப்ல ஒருத்தர் தூக்கத்துலயே எறந்துட்டாரு. ஒடம்ப ஊருக்கு அனுப்ப ஆஸ்பத்திரி ரிப்போர்ட், போலீஸ் பேப்பர், கம்பெனி லெட்டர், தூதரகத்துல பதிவு பண்ணி பாஸ்போர்ட்ட ரத்து பண்றது, தடையில்லாச் சான்று, ஊருல வாரிசு கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம், இத்தனையும் வேணும். கீழக்கரைக்காரர் ஒருத்தர், எல்லாரும் காக்கான்னு, அதாவது அண்ணன்னு, கூப்பிடுவாங்க, வேலை முடிஞ்சு ராத்திரி ராத்திரி இதுக்காகவே அலைவாராம். அண்ணன் அவரு கூட ஓடுனான், இங்க நான் அந்த வீட்டுக்குப் போய் அந்த அக்கா கிட்ட சம்மதக் கடிதம் வாங்கி அனுப்புனேன். அங்க ஒரு கை, இங்க ஒரு கை, அப்பதான் ஒடம்பு வந்து சேரும். இதக் கத்துக்கங்க. 2009ல இருந்து தூதரகங்கள்ல இந்திய சமூக நல நிதின்னு ஒண்ணு இருக்கு, வழியில்லாத குடும்பத்துக்கு அதுல ஒதவி கேக்கலாம், வெளியுறவுத் துறையோட மதத் (MADAD) போர்ட்டல்ல புகார் பதிவு பண்ணலாம். ஒரு எச்சரிக்கை, எமிரேட்ஸ்ல அனுமதி இல்லாம நன்கொடை வசூல் பண்ணா சட்டப்படி தண்டனை உண்டு. நல்ல காரியத்துக்குத்தானேன்னு வாட்ஸ்அப்ல அக்கவுண்ட் நம்பர் போட்டுடாதீங்க, பதிவு பண்ணுன அமைப்பு வழியாத்தான் செய்யணும்.

டூரிஸ்ட் விசால போய் பண்ணைல வேலை செஞ்சுட்டு தங்கிக்கலாம்னு சொல்ற சைட்டுங்க நெறைய இருக்கு, காசு வாங்காம செஞ்சாலும் பல நாட்டுல அது வேலைன்னுதான் கணக்கு, திருப்பி அனுப்பிடுவாங்க. பிரிட்டன்ல விசிட்டரா போனா பதிவு பண்ணுன தொண்டு நிறுவனத்துல 30 நாள் வரைக்கும் செய்யலாம், அதுக்கு மேலன்னா தனி விசா. எந்த நாடா இருந்தாலும் அந்த நாட்டு அரசு சைட்டுல படிங்க, ஏஜென்ட் சொல்றத நம்பாதீங்க. நான் நம்புனேன். ஜெர்மனிக்கு முன்னாடி ஒரு ஏஜென்ட் "வாலண்டியர் விசா, நூறு பர்சன்ட் கேரண்டி"ன்னு 35,000 ரூபா வாங்குனாரு, அம்மா கம்மல் அடகுக் கடைக்குப் போய் வந்த பணம் அது. குடுத்த லெட்டர்ல இருந்த அமைப்பு எங்கயுமே இல்ல. கம்மல மீட்க எங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. அதனால கேளுங்க, அமைப்போட பேரு அந்த நாட்டுப் பதிவுல இருக்கா, அவங்க ஆபீஸ் லேண்ட்லைனுக்கு நீங்களே போன் பண்ணிப் பேசுனீங்களா, முன்னாடி போயிட்டு வந்த ரெண்டு பேர் கிட்ட பேசுனீங்களா. கம்போடியா, மியான்மர் பக்கம் டேட்டா என்ட்ரின்னு கூட்டிட்டுப் போய் ஆன்லைன் மோசடி செய்ய வச்சு அடைச்சு வச்ச கதை நம்ம தமிழ்ப் பசங்களுக்கே நடந்திருக்கு, வாலண்டியர்ங்கற பேருலயும் அதே ஆளுங்க வரலாம்.

கெளம்பறப்ப பாஸ்போர்ட், ஒப்பந்தம், இன்சூரன்ஸ் நகல் ஒண்ணு வீட்டுல, ஒண்ணு மெயில்ல, ஒண்ணு பைல. தூதரக நம்பர பேப்பர்ல எழுதி வைங்க, போன் தொலைஞ்சா அதான் கை குடுக்கும். வீட்டுக்கு வாரத்துல இந்த நாள் இந்த நேரம் பேசுவேன்னு சொல்லிட்டுப் போங்க.

இன்னொண்ணு, இதுல நான் கறாரா இருப்பேன். பிள்ளைங்க மொகத்த போட்டோ எடுத்துப் போடாதீங்க. மண்டபம் அகதிகள் முகாம்ல இருக்கற இலங்கைத் தமிழ்க் குடும்பங்களப் பாக்க ஆசைப்படுறவங்க அனுமதி வாங்காம போகாதீங்க, வாங்கிட்டுப் போனாலும் அவங்க கதையத் தோண்டித் தோண்டிக் கேக்காதீங்க, பாடம் சொல்லிக்குடுக்கப் போனீங்கன்னா பாடத்த சொல்லிக்குடுங்க. அனாதை இல்லத்துல ரெண்டு வாரம், காசு கட்டி வாங்கன்னு கூப்பிடற வெளிநாட்டு விளம்பரத்துக்கும் போகாதீங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு புது அக்கா வந்து கட்டிப் புடிச்சுட்டு காணாமப் போனா அந்தப் பிள்ளை என்னதான் செய்யும்.

போன் பண்ணுன தங்கச்சி கிட்ட இதெல்லாம் சொல்ல நேரம் இல்ல, டிசம்பர் மொத வாரத்துல லெட்டர் குடு, ஆதார் நகல் ரெண்டு எடுத்துக்க, ராத்திரி குளிரும் ஒரு சால்வை எடுத்துக்கன்னு மட்டும் சொன்னேன். உங்களுக்கும் அதேதான். டார்ச் உங்களுது கொண்டு வாங்க. செவப்புத் தாள் மட்டும் வாங்க வேணாம், அம்மா இந்த வருஷத்துக்கு நாலு ரோல் வாங்கி அரிசிப் பானை மேல வச்சிருக்காங்க.